ஆறரை மணிக்குச் சபாக்கிலிருந்து வந்த குரல்

மகனே, போனில் இவ்வளவையும் என்னால் பேச முடியாது. பாதியில் நீ "சரிப்பா" என்பாய், நானும் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். போன மாதம் நீ வீட்டுக்கு வந்து, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு நான் பேசியது சரியில்லை. கம்ப்யூட்டரில் நீ விளையாடும் அந்த விளையாட்டில்தான் அந்தப் பெண்ணோடு பழக்கம் என்றாய். நாற்பது பேர் கொண்ட ஒரு கூட்டம், அதற்கொரு தலைவன், சட்டதிட்டம், சண்டை, சமாதானம் எல்லாம் உண்டு என்றாய். முதல் இரண்டு வருஷம் அவள் தாடி வைத்த ஒரு போர்வீரனாகத்தான் உன்னோடு விளையாடினாள் என்றும், பிறகு ஒருநாள் அவளே உண்மையைச் சொன்னாள் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாய். நான், "ரெண்டு வருஷம் ஆம்பளன்னு சொல்லி ஏமாத்துனவ நாளைக்கு எதத்தான் சொல்லமாட்டா?" என்றேன். நீ கோபப்படவில்லை. "அங்க எல்லாரும் வேற யாரோவாத்தான் இருப்பாங்கப்பா. ஆனா பழகுறது நெசம்லா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாய். உன் அம்மா நீ குடிக்காமல் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உன் விளையாட்டு எனக்குப் புரியாதுதான். ஆனால் முகம் தெரியாத கூட்டத்துக்குள் இன்னொரு ஆளாக இருப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நானும் அப்படிச் சில வருஷங்கள் இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. நாங்கள் இருந்த எஸ்டேட், குவாலா சிலாங்கூரிலிருந்து சபாக்குக்குப் போகிற சாலையில் இறங்கி, செம்மண் பாதையில் நாலு மைல் உள்ளே. ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய்க்காகச் செம்பனை போட்டிருந்தார்கள். நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினேன். லோரி முதலாளி ஒரு சீனர். தோட்டத்துக்கும் ஆலைக்கும் இடையில் பேசிக்கொள்ள எல்லா லோரியிலும் சி.பி. செட் என்ற பேசும் ரேடியோப் பெட்டி வைத்திருந்தார். கையில் ஒரு மைக். பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அவ்வளவுதான். ஒரு லோரி கால்வாயில் கவிழ்ந்து ஒன்றுக்கும் உதவாமல் போனபோது, அதிலிருந்த செட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நான் அதை லயத்து வீட்டில் வைத்து, பழைய லோரி பேட்டரியில் கம்பியைக் கொடுத்து, தென்னை மரத்தின் உச்சியில் ஒரு அலுமினியக் குழாயைக் கட்டினேன். கடலோரம் முழுக்க மேடு பள்ளமில்லாத நிலம். ஜெராமிலிருந்து பாகான் நக்கோடா ஓமார் வரைக்கும் உள்ள குரல்கள் எங்கள் வீட்டுக்குள் வந்து விழுந்தன.

சாயங்காலமானால் ஒரு சேனலில் தமிழர்கள் கூடுவார்கள். யாரும் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஆளுக்கு ஒரு பட்டப்பெயர். குவாலா சிலாங்கூர் மலைமேல் இருக்கும் விளக்கை நினைத்து நான் 'கலங்கரை' என்று வைத்துக்கொண்டேன். முதல் நாளே ஒருவர், "கலங்கரை என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். "லோரி" என்றேன். "எத்தன லோரி?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. நான் கொஞ்ச நேரம் பட்டனை அழுத்தாமல் இருந்தேன். பிறகு, "மூணு" என்றேன். அப்படித்தான் தொடங்கியது. அடுத்த வாரம் அந்த மூன்று லோரிக்கும் டிரைவர்கள் வந்துவிட்டார்கள், அவர்களை நான் கண்டிக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரம் டவுனில் எனக்கு ஒரு கல்வீடு வந்தது. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் குரலே மாறிப்போனது. நிதானமாக, இடைவெளி விட்டுப் பேச ஆரம்பித்தேன். எல்லாரும் என்னை 'சார்' என்றார்கள்.

அதில் ஒருவர் 'கொம்பன்'. அவர் பேசிய இரண்டாவது வாக்கியத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, எங்கள் எஸ்டேட் கிராணிதான் அது என்று. ஆபீஸில் உட்கார்ந்து பேர் பதிவதும், ஆள் போதவில்லை என்றால் கத்துவதும் அவர் வேலை. காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் என்னைப் பார்த்து, "டேய், நேத்து ஏண்டா ரெண்டு நடை கொறஞ்சிச்சி?" என்பார். சாயங்காலம், "கலங்கரை சார், மகன காலேஜுல சேக்கலாமா, வேலைக்கு அனுப்பலாமா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க," என்பார். அவருக்கு ஏன் என் குரல் தெரியவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். அவர் என் குரலைக் கேட்டதே இல்லை. பகலில் 'சரிங்கய்யா' என்பதற்கு மேல் நான் அவரிடம் எதுவும் பேசியதில்லை. ஒரு நாள் மட்டும் பெரட்டில் ஞாபகமில்லாமல் அந்த நிதானமான குரலில், "அது அப்படி இல்லீங்க, டயர் வெடிச்சிருச்சி," என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.  ஒரு வாரம் சேனல் பக்கம் வரவில்லை. பிறகு வந்தார். காலையில் 'டேய்', சாயங்காலம் 'சார்' என்று முன்பு போலவே நடந்தது. இருவருக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

நீ உன் கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இடம் அது. கறுப்பா சிவப்பா, லயமா பங்களாவா, எதுவும் தெரியாது. எப்படி வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். ஆனால் மூன்றே மாதத்தில் ஒரு சங்கம் போல ஆக்கிவிட்டோம். தலைவர், செயலாளர், யார் முதலில் பேசுவது, யார் கடைசி. மூன்று லோரி இருந்ததால் நான் தலைவர். "உங்க பெரியவங்க எந்த ஊர்ப்பக்கம்?" என்று சுற்றிவளைத்துச் சாதி கேட்பவர்களும் இருந்தார்கள். ஜெராம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் முதல் நாளே, "நான் குலை வெட்டுற ஆளுங்க" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அவருடைய முறை எப்போதும் கடைசியாகத்தான் வரும். பல நாள் வராமலே பெட்டியை அணைத்துவிடுவோம். அவர் வருவது நின்றுபோனது. எஸ்டேட்டில் எது எங்களை அழுத்தியதோ அதையே தூக்கிக்கொண்டு போய் அங்கேயும் வைத்துவிட்டோம். அப்போது எனக்கு இது தெரியவில்லை. நான் மேலே இருந்தேன்.

சபாக்கிலிருந்து ஒருவர் வருவார். 'சபாக் நண்பன்' என்று பெயர் வைத்திருந்தார். ஒரு தடவை யாரோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்றபோது, என்ன செய்ய வேண்டும், எப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். அதிலிருந்து எல்லாரும் அவரை 'டாக்டர்' என்றார்கள். அவர் மறுக்கவில்லை. மருந்துப் பெயர் எதுவும் சொல்லமாட்டார். "பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, வெக்கப்படாம எல்லாத்தயும் சொல்லுங்க," என்பதுதான் அவர் பெரும்பாலும் சொன்ன வைத்தியம். மென்மையான குரல். யார் பேசும்போதும் குறுக்கே பேசமாட்டார்.

நீ வயிற்றில் எட்டு மாதம். உன் அம்மாவுக்குக் கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. எஸ்டேட் கிளினிக்கில் இருந்தவர், "புள்ளத்தாச்சின்னா வீங்கத்தான் செய்யும்," என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் சாயங்காலம் தலைவலி என்று சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் செட்டைப் போட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். "கண்ணு முன்னால பூச்சி பறக்குற மாதிரி இருக்கான்னு கேளுங்க, கலங்கரை," என்றார். கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் குரல் மாறிவிட்டது. "இப்பவே கெளம்புங்க. கிளினிக்குக்குப் போவாதீங்க, யாரையும் கேக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரி. ரத்தக்கொதிப்புன்னு வாசல்லயே சொல்லுங்க. போங்க, பேசிக்கிட்டு நிக்காதீங்க." லோரியில் ஏற்றிக்கொண்டு டவுன் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஆபரேஷன் செய்து உன்னை எடுத்தார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் விட்டிருந்தால் தாய்க்கு வலிப்பு வந்திருக்கும், இரண்டு உயிரும் போயிருக்கும் என்று அங்கிருந்த டாக்டரம்மா என்னிடம் சொன்னார். நான் நடைபாதையில் நின்று கேட்டுக்கொண்டேன். அழவில்லை. கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, அதை எங்கே கழுவுவது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் நான் செட்டைத் தொடவில்லை. உன் அம்மா அவள் தாய் வீட்டில் இருந்தாள். டாக்டரை நேரில் பார்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் மறுபடி சேனலுக்கு வர வேண்டும் என்று வைத்திருந்தேன். ஒரு நாள் சபாக் பக்கம் நடை கிடைத்தது. சட்டைத் துணி ஒன்றும், ஒரு சீப்பு ராஜா வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு அங்கிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண், இங்கே தமிழ் டாக்டர் யாரும் இல்லையே என்றாள். நான் திரும்பும்போது பின்னாலிருந்து, "அண்ணே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, கட்டில் வருது," என்று ஒரு குரல். அதே குரல். முப்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த ஆள், அட்டெண்டன் உடுப்பு. நோயாளி படுத்திருந்த கட்டிலைத் தள்ளிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும். பேசவில்லை. சட்டைத் துணியோடு லோரிக்குத் திரும்பினேன். பழம் சீட்டிலேயே கிடந்து கறுத்துப்போனது.

வீட்டுக்கு வந்திருந்த உன் அம்மாவிடம், "அவன் டாக்டரே இல்ல. கட்டில் தள்ளுறவன். எல்லாரையும் ஏமாத்திக்கிட்டு இருக்கான்," என்றேன். அவள் உனக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கட்டில் தள்ளுறவரு சொல்லித்தானே நானும் புள்ளயும் இருக்கோம்?" என்றாள். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை சேனலில் எல்லாரும் இருந்தார்கள். என் குரலைக் கேட்டதும் அவர்தான் முதலில் பேசினார். "கலங்கரை, நீங்களா! வந்துட்டீங்களா? வீட்டுல எப்படி..." அவர் முடிப்பதற்குள் நான் பட்டனை அழுத்தினேன். "டாக்டர், நீங்க எந்த ஆஸ்பத்திரியில டாக்டரா இருக்கீங்கன்னு எல்லாருக்கும் சொல்றீங்களா?" என்றேன். இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: "நான் டாக்டர் இல்லீங்க. அட்டெண்டன். டாக்டர்னு நானா சொல்லல. நீங்கள்லாம் கூப்பிட்டீங்க, நான் மறுக்கல. அது என் தப்புத்தான்." கொம்பன்தான் அதிகமாகக் கத்தினார். உயிரோடு விளையாடியவன், சங்கத்தின் மானத்தை வாங்கியவன் என்றார். அவரை ஒதுக்கிவிடலாமா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். எல்லாரும் சரி என்றார்கள். இனிமேல் அவர் குரலுக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது என்று தலைவர் என்ற முறையில் நான் அறிவித்தேன். நான் சொல்லாமல் இருந்தால் அடுத்தது என் மூன்று லோரிகளைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. அதை அன்றைக்கு நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு அவர் வந்தார். "எல்லாருக்கும் வணக்கம். கலங்கரை இருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் காத்திருந்தார். "சரிங்க," என்று போய்விட்டார். அதற்கடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். மழை பெய்தாலும் வந்தார். இரண்டு மாதம் கிட்டத்தட்ட. திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பேசும் அந்த ஒரு நிமிஷத்துக்கு எல்லாரும் அமைதியாக இருப்போம். அவர் போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம். முதல் வாரம் சங்கடமாக இருந்தது. பிறகு மணி அடிப்பதைக் கேட்பது போல ஆகிவிட்டது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். மனுஷனுக்கு ஒன்றும் தோன்றாமல் போவதற்கு அதிக நாள் ஆகாது.

உன் அம்மாவுக்கு அப்படி ஆகவில்லை. உன் துணிகளை மடித்துக்கொண்டே அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "ஒரு வார்த்த சொன்னா உங்க வாய் தேஞ்சா போயிரும்?" என்று ஒரு நாள் கேட்டாள். "உனக்குத் தெரியாது, பேசாம இரு," என்றேன். ஒரு வியாழக்கிழமை நான் வெளியே பேட்டரிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "கலங்கரை இருக்கீங்களா?" என்று அவர் குரல் வந்தது. அதற்குப் பின்னால் உன் அம்மாவின் குரல் கேட்டது. அதுவரை அவள் அந்த மைக்கைத் தொட்டதே இல்லை. "அண்ணே, வணக்கம். நான் அவங்க வீட்டுக்காரிங்க. பையன் பொறந்தான். அஞ்சு மாசம் ஆச்சி. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். நீங்க சொன்னதாலதாண்ணே..." நான் உள்ளே ஓடி மைக்கைப் பிடுங்கினேன். அவள் விரலில் நகம் பெயர்ந்துவிட்டது. எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அந்த நிதானமான குரலில், "நண்பர்களே, மன்னிக்கணும். வீட்டுல தெரியாம பேசிட்டாங்க. இனிமே நடக்காது," என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. விரலை வாயில் வைத்துக்கொண்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். மறுநாள் ஆறரை மணிக்கு அந்தக் குரல் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

நான் மைக்கைப் பிடுங்கியதால்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். உயிரோடு இருக்கிறாரா என்றுகூட ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. போய் விசாரிக்கவில்லை. செட் பழுதானது, சரிசெய்யவில்லை. ஒவ்வொருவராக விலகினார்கள். எஸ்டேட்டிலிருந்து நாமும் டவுனுக்கு வந்துவிட்டோம். நீ பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டில் சேர்வதற்கு முந்திய டிசம்பர், உன்னைக் கூட்டிக்கொண்டு ஜெராமுக்கு மீன் வாங்கப் போனேன். படகுத்துறையில் பக்கத்தில் நின்றவர், "நண்டு உசுரோட இருக்குதா தவுக்கே?" என்று கடைக்காரரிடம் கேட்டார். அவர்தான். முடி நரைத்திருந்தது. பக்கத்தில் மனைவியும் ஒரு சின்னப் பெண்ணும் நின்றார்கள். நான் உன் கையைப் பிடித்து இழுத்து, "வா போலாம்," என்றேன். அந்த இரண்டு சொல்லில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கலங்கரையா?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் குனிந்து உன்னைப் பார்த்தார். "இதுதானா அந்தப் பையன்?" உன் கன்னத்தை நண்டு பிடித்த கையால் தொடலாமா என்று யோசித்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தொட்டார். உனக்கு ஞாபகம் இருக்காது. பிறகு என்னிடம் சொன்னார்: "அன்னிக்கு அம்மா பேசுனாங்க பாருங்க, அதோட என் மனசு ஆறிப்போச்சி. தாயும் புள்ளயும் பொழச்சாங்களா இல்லையான்னு தெரியாம எனக்கு சோறு எறங்கல. நீங்க மூணு மாசம் வரல. வந்தப்பவும் சொல்லல. அதக் கேக்கத்தான் தெனம் வந்தேன். அம்மா சொல்லிட்டாங்க, அதுக்கப்புறம் எனக்கு அங்க வேல இல்ல. அம்மா சொகமா?" நான், "சொகமா இருக்கா," என்றேன். அவர் சிரித்தார். நண்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு லோரியே இல்லை, ஓட்டியதோடு சரி என்றும் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. நான் கெளுத்தி மீன் வாங்கினேன். நீ பஸ்ஸில் தூங்கிவிட்டாய். வீட்டுக்கு வந்தும் உன் அம்மாவிடம் அவரைப் பார்த்ததைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்குள் ஏதோ ஒரு இடம் மரத்துப்போய்விட்டது. நீ பரீட்சையில் தேறினாலும், வேலைக்குப் போனாலும், நான் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அப்பாவுக்குச் சந்தோஷமே வராதா என்று நீ ஒரு முறை அம்மாவிடம் கேட்டாய். எனக்குக் கேட்டது.

நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் ஆம்பளை வேஷத்தில் இருந்தது எனக்கு இப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவள் தானாக வந்து உன்னிடம் சொல்லியிருக்கிறாள். சபாக்காரரும் கேட்ட உடனே ஒப்புக்கொண்டார். நான்தான் முப்பது வருஷத்துக்கு மேலாகியும் சொல்லவில்லை. முகம் மறைந்த இடத்தில் மனிதன் என்ன பெயர் வைத்துக்கொள்கிறான் என்பதை நான் இனிமேல் கேட்கப் போவதில்லை. உன் கூட்டத்தில் யாரையாவது எல்லாரும் சேர்ந்து ஒதுக்கினால், அன்றைக்கு நீ எந்தப் பக்கம் இருந்தாய் என்பதை மட்டும் பார்த்துக்கொள். அவளையும் பார்த்துக்கொள்ளச் சொல்.

இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதற்கு முன்னால், நேற்று உன் அம்மாவிடம் ஜெராமில் நடந்ததைச் சொன்னேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு மீதி நெத்திலியையும் ஆய்ந்து முடித்தாள். பிறகு, "அவரு பேரு என்னங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு வருஷத்தில் நான் கேட்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

வருகிற சனிக்கிழமை நானும் அம்மாவும் பெண் வீட்டுக்கு வருகிறோம். அவர்களுக்குச் சொல்லிவிடு. அந்தப் பெண்ணின் பெயரை நீ அன்றைக்குச் சொல்லியிருப்பாய், நான் மனதில் வாங்கவில்லை. எழுதி அனுப்பு. வாசலில் போய் நிற்கும்போது பெயர் சொல்லித்தான் அவளைக் கூப்பிட வேண்டும்.

அப்பா